மூளையின் வாதுமையும் ஒரு பெண்மணியின் ஆய்வும்

தோலின் தடிப்பையும் மென்மையையும் விரல் நுனியால் அறிபவர்கள் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு வட்டாரத்து மக்கள். மனித மூளைக்கும் தடித்த உறை ஒன்றும் மெல்லிய உறை ஒன்றும் உண்டு. பத்தாம் நூற்றாண்டில் அரபியில் மருத்துவ நூல் யாத்த அலீ இப்னு அப்பாஸ் அல்மஜூஸி இவ்வுறைகளை ‘உம்மு’, அதாவது ‘தாய்’ என்று வழங்கினார். 1127இல் அந்நூல் இலத்தீனுக்குப் பெயர்க்கப்பட்டபோது அப்பெயரும் உடன் சென்றது. இன்றும் மருத்துவ உலகம் அப்பெயரையே ஆள்கிறது.

அவ்வுறைகளுக்குள்ளே, செவிக்கு உட்புறமாக, பக்கத்துக்கு ஒன்றாக வாதுமைப் பருப்பின் வடிவில் ஒரு சிறு பகுதி இருக்கிறது. அரபியில் அதன் பெயர் ‘லவ்ஸா’, பொருள் வாதுமையே. அச்சமும் சினமும் எழுவதில் அதற்குப் பெரும் பங்குண்டு. அதனை ஆராய்ந்தோருள் தமிழகத்துப் பெண்மணி ஒருவரும் இருந்தார்.

இந்தியாவில் மூளை அறுவைத் துறை முதன்முதலாக 1949இல் நம் வேலூரில், கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில், டாக்டர் ஜேக்கப் சாண்டியால் தொடங்கப்பெற்றது. மறு ஆண்டு சென்னையில் டாக்டர் பி. இராமமூர்த்தி அப்பணியைத் தொடங்கினார். அவர் குழுவில் வளர்ந்தவரே டாக்டர் டி. எஸ். கனகா. 1932இல் சென்னையில் பிறந்த இவர், ஆண்களே நிறைந்திருந்த அத்துறையில் 1968இல் உயர் பட்டம் பெற்று, ஆசியாவின் முதற் பெண் மூளை அறுவை மருத்துவர்களுள் ஒருவரானார்.

தலையில் உலோகச் சட்டம் பொருத்தி, எக்ஸ்ரே படத்தால் இடத்தைக் கணித்து, மண்டையோட்டில் சிறு துளையிட்டு, மெல்லிய கம்பியைக் குறித்த இடத்துக்குச் செலுத்துவது இவர் கைதேர்ந்த முறை. மூளை பழுதுற்று, தம்மையும் பிறரையும் தாக்கும் நோயாளருக்கு அவ்வாதுமைப் பகுதியில் செய்த அறுவைகளைப் பற்றி, டாக்டர் வி. பாலசுப்பிரமணியம் முதலானோருடன் 1970இல் இவர் ஆய்வுரை வெளியிட்டார்.

ஒருவருடைய குணத்தைக் கத்தியால் மாற்றலாமா, நோயாளியின் சம்மதம் எங்கே என்னும் வினாக்கள் பின்னர் உலகெங்கும் எழுந்தன. அவை நியாயமான வினாக்களே. மருந்துகளும் பெருகின; இவ்வறுவை இன்று மிக அரிதாகிவிட்டது. எனினும் அவ்வாய்வு உணர்த்திய உண்மை ஒன்று நிலைத்து நிற்கிறது: கட்டுக்கடங்காத சினம் சிலரிடம் மூளையின் நோயாகவும் இருக்கக்கூடும். அத்தகையவரை அறையில் பூட்டிவைத்து, குடும்பத்தின் மானம் கருதி மறைக்கும் இல்லங்கள் இன்னும் உள. அவர்களுக்கு வேண்டுவது பழிச்சொல் அன்று, மருத்துவமே.

2018இல் கனகா அம்மையார் மறைந்தார். மருத்துவம் பயில விழையும் நம் பெண்மக்களிடம், ‘இத்துறை உனக்கு ஆகாது’ என்று சொல்ல வாயெடுப்போர் அவர் வரலாற்றை ஒருமுறை எண்ணிப் பார்ப்பார்களாக!