ஏலாக்குறிச்சியின் முதல் எழுத்து

இன்னைக்கு நாம போற இடம், அரியலூர் மாவட்டத்துல கொள்ளிடத்துக்குப் பக்கத்துல இருக்கிற ஏலாக்குறிச்சி. இங்க அடைக்கல மாதா கோவிலைக் கட்டினவர், 1680-ல இத்தாலியில பிறந்த வீரமாமுனிவர். ஊருக்குத் திருக்காவலூர்னு பேர் வச்சு, ஒரு கலம்பகமே பாடினார்.

ஊர்ல சொல்ற கதை இது. அரியலூர் மழவராயருக்கு ராஜபிளவை வந்துச்சாம். எந்த வைத்தியமும் கேட்கலையாம். முனிவர் மாதாவை வேண்டிக்கிட்டு மண்ணை எடுத்துப் பூச, புண் ஆறிடுச்சாம். அந்த நன்றிக்கு மழவராயர் கோவிலுக்கு நிலம் கொடுத்தாராம்.

நம்புறதும் நம்பாததும் அவங்கவங்க விருப்பம். ஆனா ஊர்ப் பெயரோட முதல் எழுத்தைக் கவனிங்க. அந்தக் காலத்துல குறில் 'எ'வுக்கு மேல புள்ளி வைக்கணும், நெடிலுக்குப் புள்ளி கிடையாது. ஓலை கிழிஞ்சிடும்னு புள்ளியைப் பெரும்பாலும் விட்டுடுவாங்க. அப்போ எழுதியிருக்கிறது எரியா, ஏரியா? இடம் பார்த்துத்தான் புரிஞ்சுக்கணும். இந்தக் குழப்பம் தீர, நெடிலுக்குக் கீழ கோடு இழுத்து 'ஏ'ன்னும், கொம்பை மேலயும் சுழிச்சு 'கே'ன்னும் எழுதற வழக்கத்தைக் கொண்டுவந்தவர் வீரமாமுனிவர்தான்.

மழவராயர் கதையைக் கேட்க ஏலாக்குறிச்சி வரைக்கும் போகணும். இந்தக் கதை, நண்பனுக்கு நீங்க 'ஏன்டா'ன்னு டைப் பண்றப்பவே உங்க விரல் நுனியில இருக்கு.