சிக்கனமும் கடனும்: கனகராயன்குளத்தை முன்வைத்து வன்னிக் கமக்காரக் குடும்பத்தின் பொருளாதாரம் பற்றியதொரு வரலாற்று நோக்கு

1

கடன்பட்ட குடும்பத்திற்கு வழங்கப்படும் அறிவுரை எக்காலத்தும் இரண்டு கூறுகளைக் கொண்டது. செலவைச் சுருக்குக என்பது ஒன்று. வேறு வழியிலும் வருவாய் தேடுக என்பது மற்றொன்று. வங்கி அலுவலரும் ஊர்ப் பெரியவரும் அரசாங்க உத்தியோகத்தரும் ஒருவர் சொல்வதை மற்றவர் மறுக்காமற் கூறும் மிகச் சில விடயங்களுள் இதுவும் ஒன்று. இவ்வறிவுரை பொய்யன்று. ஆயினும், அது எவ்வகைச் சமூகத்தில், எவ்வகைக் கடனுக்கு, எவருடைய உழைப்பின் பேரிற் செயற்படுகின்றது என்பதை ஆராயாதவிடத்து அது வெறும் ஒழுக்கப் போதனையாகவே எஞ்சிவிடும். வன்னிப் பெருநிலத்தின் கனகராயன்குளத்தை முன்வைத்து இவ்வினாவை வரலாற்றுக் கண்கொண்டு நோக்குவதே எமது நோக்கமாகும்.

தமிழ் அறநூல் மரபில் இவ்வறிவுரைக்கு நீண்ட வரலாறு உண்டு. வருவாயை மீறிச் செலவு செய்பவன் மானமும் மதியும் இழப்பான் என்னும் கருத்தை நல்வழி கூறுகின்றது. வருவாய் சிறிதாயினும் செலவு விரியாதவிடத்துக் கேடில்லை என்னும் கருத்து திருக்குறளில் இடம்பெறுகின்றது. ஆனால் இப்பிந்திய கருத்து திருக்குறளில் எங்கு இடம்பெறுகின்றது என்பதை நாம் கவனித்தல் வேண்டும். இல்வாழ்க்கை பற்றிய அதிகாரத்தில் அது இல்லை. பொருட்பாலில், அரசியலில், வலியறிதல் என்னும் அதிகாரத்திலேயே அது உளது. ஆள்வோனுக்குக் கூறப்பட்ட நிதி நெறி, காலப்போக்கிற் குடிமகனின் அடுப்படிக்கு உரிய உபதேசமாகப் பெயர்த்து வைக்கப்பட்டுள்ளது. இப்பெயர்ச்சி தற்செயலானதன்று என்பது பின்னர் தெளிவாகும்.

'கடன்' என்னும் சொல்லும் சிந்தனைக்குரியது. சான்றோர் செய்யுள்களில் அது பெரும்பாலும் ஒருவர் ஆற்றவேண்டிய கடமையைக் குறித்தது. அக்கடமை உறவின்பாற்பட்டது. பண்டமும் பணமும் பெருகிய சமூகத்திற் கொடுக்கவேண்டிய தொகையைக் குறிக்கும் பொருளே மேலோங்கிற்று. உறவு கணக்காக மாறியதன் சுவடு அச்சொல்லிலேயே பதிந்துள்ளது எனலாம்.

2

கனகராயன்குளம் வவுனியா வடக்குப் பிரதேச செயலர் பிரிவில், ஏ-9 வீதியிற் புளியங்குளத்துக்கும் மாங்குளத்துக்கும் இடையே அமைந்துள்ளது. இப்பெயரையே தாங்கிய கனகராயன் ஆறு வடக்கு நோக்கிச் சென்று இரணைமடுக் குளத்தை நிரப்புகின்றது. குளம், வயல், காடு என்னும் மூன்றுமே இப்பகுதியின் உற்பத்தி அடிப்படை. வடகீழ்ப் பருவமழையை நம்பிய காலபோகமே பெரும்போகம். குளத்தில் நீர் எஞ்சிய ஆண்டுகளில் மட்டுமே சிறுபோகம் கைகொடுக்கும்.

இவ்வமைப்பில் வருவாய் ஆண்டுக்கு ஒரு முறையோ இரு முறையோ வருவது. செலவோ அன்றாடம் நிகழ்வது. இவ்விரண்டுக்கும் இடையேயுள்ள காலப் பிளவிலேதான் கடன் பிறக்கின்றது. விதைநெல்லைக் கடனாகப் பெற்று அரிவு வெட்டிச் சூடடித்த பின்னர் கூடுதலாக நெல்லளந்து கொடுப்பதும், அயலவரிடம் கைமாற்று வாங்குவதும், நகையை அடைவு வைப்பதும் இப்பிளவை நிரப்பிய வழிகளாம். நிலத்தை ஒற்றி வைத்தலும் அத்தகையதே. ஒல்லாந்தர் ஆட்சியில் 1707இல் தொகுக்கப்பட்ட தேசவழமை ஒற்றி பற்றி விரிவாகப் பேசுகின்றது. ஒற்றியிற் கடன் கொடுத்தவர் வட்டிக்குப் பதிலாக நிலத்தின் விளைவை அனுபவிப்பார். கடன்பட்டவர் தம் நிலத்தை மீட்பதற்குத் தேவையான வருவாய்க்கு மூலமான அந்நிலமே மற்றவர் கையில் இருக்கும். வட்டியைக் காட்டிலும் நுட்பமான பிணைப்பு இது.

இத்தகைய சூழலில் மேலதிக வருவாய்க்கு இடமளித்தது காடே. சேனைப்பயிர், தேன், விறகு, மரம், கால்நடை மேய்ச்சல் ஆகியன வயல் பொய்த்த ஆண்டிலும் குடும்பத்தைத் தாங்கின. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உரிமை நிறுவப்படாத காட்டையும் தரிசையும் முடிக்குரியனவாகக் கொண்டது. தொடர்ந்து வந்த 1885, 1907ஆம் ஆண்டுகளின் காட்டுச் சட்டங்கள் அப்பிடியை இறுக்கின. 'வேறு வருவாய் தேடுக' என்று குடியானவனுக்குக் கூறிய அதே ஆட்சி, அவ்வருவாயின் வாயிலை அடைத்தது. லெனாட் வூல்வ் 1913இல் வெளியிட்ட காட்டுக் கிராமம் பற்றிய நாவல் அம்பாந்தோட்டைப் பகுதியைக் களமாகக் கொண்டதெனினும், சேனை அனுமதி, கடைக்காரரின் கடன், கிராமத் தலைவரின் அதிகாரம் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று பிணைந்து ஒரு குடியை அழிக்கும் முறையைக் காட்டுவதனால், உலர் வலயம் முழுவதற்கும் பொருந்தும் சமூக ஆவணமாக அதனைக் கொள்ளலாம்.

நெல்வரி 1892இல் ஒழிக்கப்பட்டமையும், 1905இல் வடபகுதிப் புகையிரதப் பாதை முழுமையடைந்தமையும் வன்னியைப் பணப் பொருளாதாரத்துடன் மேலும் நெருங்கப் பிணைத்தன. வட்டி முதல் பழைய உற்பத்தி முறையை மாற்றாமலே அதனை ஒட்டி நின்று உறிஞ்சும் என்னும் மார்க்சின் கணிப்பு இக்கட்டத்திற்கு நன்கு பொருந்துவதாகும்.

3

இவ்வுறிஞ்சலுக்கு மாற்றாகத் தோன்றியதே கூட்டுறவு இயக்கம். 1911ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்குச் சட்ட வடிவம் கொடுத்தது. வடபகுதியில் இவ்வியக்கம் வேரூன்றிய தன்மைக்கு, கூட்டுறவாளர் வீரசிங்கத்தின் பெயரைத் தாங்கி யாழ்ப்பாணத்தில் நிற்கும் மண்டபம் சான்றாகும். 1934ஆம் ஆண்டின் வங்கி ஆணைக்குழு, 1939இல் தொடங்கிய இலங்கை வங்கி, 1941ஆம் ஆண்டின் கடன் இணக்கக் கட்டளைச் சட்டம், 1961இல் தோன்றிய மக்கள் வங்கி, 1971இல் அமைந்த நெற் சந்தைப்படுத்தும் சபை என்பன, கடன் தனிமனிதனின் ஒழுக்கக்குறைவன்று, பொது நிறுவனங்கள் தலையிட வேண்டிய சமூகப் பிரச்சினை என்பதை வெவ்வேறு அளவில் ஏற்றுக்கொண்டன.

இச்சங்கங்கள் 'சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கம்' என்று பெயர் பெற்றமை குறிப்பிடத்தக்கது. இங்கு சிக்கனமும் கடனும் எதிர்நிலைகளாக அன்றி ஒரே பெயரில் இணைந்து நிற்கின்றன. உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியை வேறாக எடுத்து வைக்கும் வழக்கம் எமது பெண்கள் நன்கறிந்ததே. அப்பிடியரிசி தனி வீட்டிற் பஞ்ச காலத்துக்கான சேமிப்பு. பலர் சேர்ந்தவிடத்து அது பாடசாலையும் கோயிலும் நடத்தப் போதுமான நிதி. ஒருவரின் சிக்கனம் அடுத்தவரின் கடனாகி, அவர் செலுத்தும் வட்டி மீண்டும் சங்கத்துக்கே சேரும்போது, சேமிப்பு கிராமத்தைவிட்டு வெளியேறுவதில்லை. சிக்கனத்தின் சமூகப் பொருள் இவ்விடத்திலேயே வெளிப்படுகின்றது. எவ்வளவு சேமிக்கப்பட்டது என்பதிலும் பார்க்க, சேமித்தது எவரிடம் சென்றது என்பதே முதன்மையான வினா.

மேலதிக வருவாயைப் பொறுத்தவரையிலும் இதனைக் காணலாம். 1970களின் முற்பகுதியில் மிளகாய், வெங்காயம் முதலியவற்றின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது வடபகுதிக் கமக்காரரின் வருவாய் உயர்ந்தது. வன்னியின் மேட்டுநிலங்களிலும் உப உணவுப் பயிர்ச்செய்கை பரவியது. 1977இன் பின் திறந்த பொருளாதாரக் கொள்கை அக்கட்டுப்பாடுகளைத் தளர்த்தவே விலை வீழ்ந்தது. நீரிறைக்கும் இயந்திரத்துக்காகப் பெற்ற கடன் மட்டும் வீழவில்லை. அதே கமக்காரர், அதே உழைப்பு, அதே சிக்கனம். மாறியது கொள்கை ஒன்றே.

4

போர் இச்சமூகத்தின் சேமிப்பனைத்தையும் அழித்தது. 1997 மே மாதம் தொடங்கிய 'ஜயசிக்குறு' படை நடவடிக்கை ஏ-9 வீதியோரக் கிராமங்களைப் போர்க்களமாக்கியது. 1999 நவம்பரிற் கனகராயன்குளம் மீண்டும் கைமாறியது. 2008, 2009ஆம் ஆண்டுகளின் இறுதி இடப்பெயர்விற்குப் பின்னர், முகாம்களிலிருந்து திரும்பிய வன்னிக் குடும்பங்கள் கால்நடையும் கருவிகளும் விதைநெல்லும் இன்றி வாழ்க்கையைத் தொடங்க வேண்டியிருந்தது. உறவுகளையும் பலர் இழந்திருந்தனர்.

உற்பத்திச் சாதனங்கள் திரும்புமுன்னரே கடன் வந்து சேர்ந்தது. இந்திய வீடமைப்புத் திட்டத்தின் கீழ் ஒரு வீட்டுக்கு 5,50,000 ரூபா நன்கொடையாக வழங்கப்பட்டது. விலையேற்றத்தில் அத்தொகை போதாமையாற் கூரைக்கும் கதவுக்கும் கடன்பட்டோர் பலர். வீடு உண்டு, வருவாய் இல்லை என்னும் முரண்பாடு இதனால் உருவாயிற்று. குத்தகைக்கு உழவு இயந்திரமும் மோட்டார்ச் சைக்கிளும் கொடுக்கும் நிறுவனங்களும், பெண்களைக் குழுவாக்கி ஒருவருக்கொருவர் பிணையாக நிறுத்தும் நுண்கடன் நிறுவனங்களும் பரவின. பங்களாதேசத்தில் 1983இல் வங்கியாக நிறுவப்பட்ட கிராமின் வங்கியின் முறையின் புறவடிவம் இங்கு வந்தது. ஆந்திரப் பிரதேசத்தில் 2010இல் அரசு அவசரச் சட்டம் இயற்றும் அளவுக்கு முற்றிய நெருக்கடியின் பாடம் வரவில்லை.

இக்கடனின் பொறிமுறையை ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கால் விளக்கலாம். 50,000 ரூபாவை ஓராண்டுக்கு 24 சதவீத 'நிலையான' வட்டியிற் பெறுவதாகக் கொள்வோம். வட்டி 12,000 ரூபா. 52 வாரங்களிற் செலுத்துவதாயின் வாரத்துக்கு ஏறத்தாழ 1,192 ரூபா. ஆனால் முதல் வாரந்தோறும் குறைந்துவர, வட்டியோ தொடக்கத் தொகைக்கே கணிக்கப்படுகின்றது. ஆண்டு முழுவதற்கும் சராசரியாகக் கையிலிருப்பது ஏறத்தாழ அரைவாசித் தொகையே. ஆகவே உண்மை வட்டி சொல்லப்பட்ட வீதத்தின் இரு மடங்கை நெருங்குகின்றது. வெளிநாட்டுக் கடனும் மனித உரிமைகளும் பற்றிய ஐக்கிய நாடுகள் சபையின் சுயாதீன நிபுணர் 2018இல் இலங்கைக்கு வந்தபோது, ஆண்டுக்கு 40 முதல் 220 சதவீதம் வரையிலான நுண்கடன் வட்டிகளைச் சுட்டிக்காட்டினார்.

வட்டியிலும் கொடியது காலக்கணக்கு. நெல் ஆண்டுக்கு ஓரிரு முறையே விளைவது. தவணையோ ஏழு நாட்களுக்கு ஒரு முறை வாசலில் வந்து நிற்பது. ஆகவே கமக்காரக் குடும்பம் வாரந்தோறும் பணம் தரும் தொழிலைத் தேடியாக வேண்டும். அது கிடையாதவிடத்து ஒரு நிறுவனத்தின் தவணைக்கு மற்றொரு நிறுவனத்திடம் கடன்பட வேண்டும். அறுவடையானவுடன், விலை மிகத் தாழ்ந்திருக்கும் வேளையில், ஈரம் உலராத நெல்லையே விற்க நேர்வதும் இதனாலேயே.

5

இந்நிலையிற் செலவுக் குறைப்பும் மேலதிக உழைப்பும் என்ன பொருள் பெறுகின்றன? சிறு விவசாயி பெரும் பண்ணையுடன் போட்டியிட்டு நிலைப்பதன் இரகசியம் அவனுடைய மிகை உழைப்பும் குறை நுகர்வுமே எனக் கார்ல் கவுட்ஸ்கி 1899இல் விவசாயப் பிரச்சினை பற்றிய தமது நூலிற் காட்டினார். குடியானவக் குடும்பம் தன்னைத் தானே சுரண்டிக்கொள்ளும் இயல்பினை ருசிய அறிஞர் சயானோவ் 1920களில் விரிவாக ஆராய்ந்தார். செலவைச் சுருக்குதல் என்பதன் அரசியற் பொருளாதாரப் பெயர் குறை நுகர்வு. வேறு வருவாய் தேடுதல் என்பதன் பெயர் மிகை உழைப்பு.

இவை குடும்பத்திற்குள் சமமாகப் பகிரப்படுவனவுமல்ல. செலவு குறைகையில் முதலிற் குறைவது இறுதியாக உண்பவளின் உணவு. வருவாய் கூடவேண்டுமாயின் முதலில் நீள்வது, வயற்கூலிக்குப் போய்வந்து அடுப்பும் பார்ப்பவளின் நாள். போரின் பின் பெண்களைத் தலைமையாகக் கொண்ட குடும்பங்கள் மிகுந்துள்ள வன்னியில், சிக்கனம் எனப்படுவது பெரும்பாலும் பெண்ணின் உடலிலிருந்தே எடுக்கப்படுகின்றது. நிலமற்றோர் நிலை இன்னும் கடினம். 1958, 1977ஆம் ஆண்டுகளின் வன்செயல்களுக்குப் பின் வன்னிக்கு வந்து குடியேறிய மலையகத் தமிழரிற் பலர் பிறர் வயலிற் கூலிகளாகவே இருந்தனர். சுருக்குவதற்குச் செலவே இல்லாதவரிடம் சிக்கனம் போதிப்பது எங்ஙனம்?

எனினும், குடும்பத்தின் முயற்சி யாவும் வீண் என்னும் முடிவும் எமக்கு உடன்பாடன்று. அது விரக்தியின் தத்துவம். மக்களின் அனுபவத்துக்கு முரணானது. தமது கடன்களை வட்டி வாரியாக எழுதிப் பார்த்து, மிகக் கூடிய வட்டியுடையதை முதலில் அடைக்கும் பெண் தனது நிலைமையை அறிவால் ஆள முற்படுகின்றாள். வீட்டுத் தோட்டம் சந்தைச் செலவைக் குறைக்கின்றது. நெல்லைப் போலன்றிப் பால் நாளாந்தம் பணம் தருவதாதலின், கறவை மாடு தவணையின் காலக்கணக்குக்கு ஈடுகொடுக்கின்றது. ஆனால் பாலுக்கு நியாய விலை கிடைப்பதற்குக் கால்நடை வளர்ப்போரின் கூட்டுறவு வேண்டும். மேய்ச்சல் தரை வேண்டும். நெல்லை விலை ஏறும்வரை வைத்திருப்பதற்குக் களஞ்சியமும், அதுவரை தாங்குவதற்குக் குறைந்த வட்டிக் கடனும் வேண்டும். 1970களிற் பனை தென்னை வளக் கூட்டுறவுச் சங்கங்கள் சீவல் தொழிலாளரின் வாழ்க்கையில் ஏற்படுத்திய முன்னேற்றம் இவ்வுண்மையையே காட்டுகின்றது. அவர்கள் முன்னரும் அயராது உழைத்தவரே. உழைப்பின் பயன் அவர்களிடமே தங்குவதற்கான அமைப்பு ஏற்பட்டமையே புதியது.

6

மக்களின் எதிர்ப்பினால் அரசு சில நடவடிக்கைகளை எடுத்தது. வறட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களிற் பெண்கள் பெற்ற, ஓர் இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நிலுவை நுண்கடன்களைத் தள்ளுபடி செய்யும் திட்டம் 2018இல் அறிவிக்கப்பட்டது. 35 சதவீத வட்டி உச்சவரம்பும் அவ்வாண்டிலேயே வந்தது. 2021இல் இங்குராக்கொடையிற் சிங்களப் பெண்கள் நுண்கடனுக்கெதிராக வாரக்கணக்கிற் சத்தியாக்கிரகம் இருந்தனர். வன்னிப் பெண்ணையும் பொலன்னறுவைப் பெண்ணையும் ஒரே தவணைப் புத்தகம் இணைத்தது என்பது, இன முரண்பாட்டை மட்டுமே காணும் கண்களுக்குப் புலப்படாத செய்தி.

2021இன் இரசாயன உரத் தடை வயல்களின் விளைச்சலை வீழ்த்தியது. 2022 ஏப்ரல் 12ஆம் நாள் இலங்கை அரசு தனது வெளிநாட்டுக் கடன்களைச் செலுத்துவதை இடைநிறுத்தியது. அவ்வாண்டு செப்ரெம்பரிற் பணவீக்கம் 70 சதவீதத்தை நெருங்கியது. வலியறிதல் அதிகாரத்தின் நெறி எவருக்குக் கூறப்பட்டதோ அவரே அதனைக் கைவிட்டிருந்தார். ஆனால் அரசின் கடனுக்கு மறுசீரமைப்பு உண்டு, கால நீடிப்பு உண்டு, பேச்சுவார்த்தை உண்டு. 2023இன் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பில் ஊழியர் சேமலாப நிதியும், அதாவது தொழிலாளரின் சிக்கனமும், பங்குகொள்ள வைக்கப்பட்டது. கனகராயன்குளத்துக் குடும்பத்தின் கடனுக்கு இவற்றுள் எதுவும் உரிமையாக இல்லை.

ஆகவே எமது ஆய்விலிருந்து பெறப்படும் முடிபு இதுவாகும். கடன் தீர்க்கும் குடும்பத்தின் உழைப்பும் சிக்கனமும் மதிக்கத்தக்கன. ஆயின் அவற்றின் பலனைத் தீர்மானிப்பன நிலம், நீர், காடு, சந்தை, கடன் ஆகியவற்றின் உடைமை உறவுகளே. சேமிப்பு கிராமத்தில் தங்கும் கூட்டுறவு, போகத்தையொட்டிய தவணை, உண்மை வட்டியை மறையாது கூறும் சட்டம், நிலமற்றோர்க்கு நிலம் என்பன இல்லாதவிடத்துச் சிக்கனம் கடன்கொடுத்தோரின் இலாபமாகவே முடியும். இவை உள்ளவிடத்து ஒரு பிடி அரிசியும் வரலாற்றை நகர்த்த வல்லது. அடுப்படியின் கணக்கையும் நாட்டின் கணக்கையும் ஒன்றாக வைத்துப் படிப்பது, எமது சமூக ஆய்வாளர் இனியும் ஒத்திவைக்கலாகாத கடனாகும்.