இங்கிலாந்தின் கோயிற்பற்றுச் சபைகள்

இங்கிலாந்திலே கிறித்தவ ஆலயமொன்றைச் சார்ந்த ஊர்ப்பகுதி கோயிற்பற்று எனப்படும். வழிபாட்டின் பொருட்டு வகுக்கப்பட்ட இப்பிரிவு, காலப்போக்கில் ஊராட்சியின் அடிப்படையாகவும் அமைந்தது. தெருக்களைச் செப்பனிடும் பொறுப்பினை 1555ஆம் ஆண்டுச் சட்டமும், வறியோரைத் தாபரிக்கும் பொறுப்பினை 1601ஆம் ஆண்டுச் சட்டமும் அதன்மேற் சுமத்தின. இக்கருமங்களை ஆராய்ந்த கூட்டம் 'வெஸ்ரி' என வழங்கப்பட்டது. குருமார் திருவுடை தரிக்கும் அறையிற் கூடியமையால் வந்த பெயர் அது. ஆலயக் குருவே அங்குத் தலைமை வகித்தார். வரி இறுப்போர் யாவரும் வரலாம் என்பது விதி; நிலப்பிரபுவும் பெருங் கமக்காரரும் பேச ஏனையோர் கேட்டிருந்தனர் என்பதே வழக்கம். 1818ஆம் ஆண்டுச் சட்டமோ இவ்வேற்றத்தாழ்வை வெளிப்படையாகவே எழுதிவைத்தது. 50 பவுணுக்குக் குறைந்த வரிமதிப்புடையார்க்கு ஒரு வாக்கு. அதற்குமேல் ஒவ்வொரு 25 பவுணுக்கும் மேலும் ஒன்று. இவ்வாறு ஒருவரே 6 வாக்குவரை அளிக்கலாம்.

வறியோர் பராமரிப்பு 1834இல் பல கோயிற்பற்றுக்கள் சேர்ந்த ஒன்றியங்களுக்கு மாறியது. ஆலய வரியைக் கட்டாயமாக அறவிடும் வழக்கமும் 1868இல் ஒழிந்தது. வெஸ்ரி வெறுங்கூடாயிற்று. ஆயினும் அதன் தலைமை நாற்காலி பழைய கைகளிலேயே இருந்தது. பொதுநிலங்கள் வேலியடைக்கப்பட்டமையால் மேய்ச்சலையும் விறகையும் இழந்த கமத்தொழிலாளர், 1872இல் யோசேப்பு ஆர்ச் என்பாரின் தலைமையிற் சங்கம் அமைத்தனர். 1884ஆம் ஆண்டுச் சட்டத்தால் அவருட் பெரும்பாலோர் பாராளுமன்ற வாக்குரிமையும் பெற்றனர். நாட்டின் அரசை மாற்றவல்ல தொழிலாளி தன் ஊர்த் தரும நிதி எவ்வாறு செலவாகிறதென்று கேட்கமாட்டாதவனாய் நின்ற விந்தை மேலும் பத்தாண்டு நீடித்தது.

1894ஆம் ஆண்டு உள்ளூராட்சிச் சட்டம் இதற்கு மருந்தாக வந்தது. பிரபுக்கள் சபை இம்மசோதாவிற் செய்த திருத்தங்களைக் கண்டித்து 1894 மார்ச் 1ஆம் நாள் ஆற்றிய உரையே, முதுபெருந் தலைவராகிய கிளாட்ஸ்டன் பாராளுமன்றத்தில் ஆற்றிய இறுதியுரை. சின்னஞ் சிறு ஊர்களின் சபைக்காக இத்துணைப் பூசல் விளைந்ததேன்? சட்டத்தின் நுண்ணிய விதிகள் விடை கூறும். 300 பேருக்குக் குறையாத ஒவ்வொரு நாட்டுப்புறக் கோயிற்பற்றுக்கும் ஒரு சபை வேண்டும். ஊர்க்கூட்டம் மாலை 6 மணிக்கு முன் தொடங்கலாகாது; வயலிலிருந்து மீளுபவனும் வருதற்கு வகை இது. வேறு தக்க இடமிருக்க மதுச்சாலையிற் கூடலாகாது; பாடசாலை அறையை வாடகையின்றிப் பெறலாம். தலைமை குருவுக்குப் பிறப்புரிமை போல் வாய்ப்பதும் ஒழிந்தது. பெண்கள், மணமானோர் உட்பட, அங்கத்தவராகலாம். பாராளுமன்றத்துக்கு வாக்களிக்க அவர்கள் 1918 வரை காத்திருந்தமை கருதத்தக்கது.

அதிகாரமோ சிறிது. ஊர்க்கூட்டத்தின் இசைவின்றிப் பவுணொன்றுக்கு 3 பென்சுக்கு மேற் சோலைவரி சுமத்தும் செலவைச் செய்தல் இயலாது. இசைவு பெறினும் 6 பென்சே எல்லை. அத்தொகை கொண்டு பெரும்பணி எதுவும் ஆற்றவொண்ணாது. எனினும் தொழிலாளர் நாடியது பெரும்பணியன்று. உருளைக்கிழங்கு பயிரிட ஒரு துண்டு நிலமே. நிலம் தர மறுப்போரிடமிருந்து அதனைக் கட்டாயக் குத்தகைக்குப் பெறும் வழியை இச்சட்டம் சபைக்குத் திறந்தது. நிலப்பிரபுக்கள் அஞ்சியதற்கு இதுவே போதிய காரணம்.

குறையும் இல்லாமலில்லை. தேர்தல் கையுயர்த்தி நடத்தப்பட்டது. குடியிருக்கும் வீடும் செய்யும் தொழிலும் ஒரே கமக்காரருடையனவாயிருக்க, அவர் கண்முன் அவருக்கெதிராகக் கையுயர்த்தல் எளிதன்று. வாக்குச்சீட்டு முறையைக் கோரலாமெனினும் கோருவோர் அதனைக் கூட்டத்திலேயே சொல்லல் வேண்டும். 1894 டிசம்பரில் நிகழ்ந்த முதற் தேர்தலில் தொழிலாளர் பலர் தெரிவாகியும், எத்தனையோ ஊர்களில் பழைய பிரபுவே மீண்டும் தலைவராயமர்ந்தமைக்கு மரபுவழி மரியாதையோடு இவ்வச்சமும் காரணமாகலாம்.

பிற்காலத்திற் சபைகள் பெரும் பயன் விளைத்த துறை ஒற்றையடிப் பாதைகளைக் காத்தலே. பொதுவழியொன்றை மூடுதற்குச் சபையின் இசைவும் வேண்டுமென 1894ஆம் ஆண்டுச் சட்டமே விதித்தது. 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நாடெங்கும் பாதைகள் அளந்து வரையப்பட்டபோது, எந்த வேலிக் கடப்பு எவ்வழி செல்கிறதென்று கூறவல்லார் ஊர்ச்சபையாரே ஆயினர். அவ்வாறு படத்தில் ஏறிய வழி சட்டத்தின்முன் முடிந்த சான்றாயிற்று. நாட்டுப்புற மாவட்ட சபைகள் 1974இல் மறைந்தபோதும் இங்கிலாந்தின் கோயிற்பற்றுச் சபைகள் மறையவில்லை. இன்று அவை ஏறத்தாழ 10,000 உள்ளன.