தமிழ்நாட்டில் வீட்டு மின்கம்பியமைப்புப் பணி

வீட்டு மின்கம்பியமைப்பு என்பது, மின் பகிர்மான நிறுவனத்தின் மின்னளவிக்குப் பிறகு வீட்டினுள் மின்சாரத்தைக் கொண்டு செல்லும் கம்பிகள், குழாய்கள், சுவிட்சுகள், காப்புக் கருவிகள், நில இணைப்பு ஆகியவற்றின் தொகுதி ஆகும். பேச்சு வழக்கில் இது வயரிங் எனப்படுகிறது. இந்தியாவில் இப்பணியை உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரர் வழியாகவே செய்ய வேண்டும் என்பது சட்ட விதி. தமிழ்நாட்டில் இதற்கான உரிமங்களையும் தகுதிச் சான்றிதழ்களையும் சென்னை கிண்டியில் இயங்கும் மின் உரிமம் வழங்கும் வாரியம் அளிக்கிறது.

மின்னளவி வரையுள்ள இணைப்பின் பொறுப்பு பகிர்மான நிறுவனத்தைச் சேரும். அதற்கு அப்பாலுள்ள அனைத்தும் வீட்டு உரிமையாளரின் பொறுப்பு. வீட்டினுள் நேரும் மின்விபத்துகள் பல இந்த இரண்டாம் பகுதியின் குறைபாடுகளால் விளைவதால், பணியை யாரிடம் ஒப்படைப்பது என்பது செலவு பற்றிய கேள்வி மட்டுமன்று, உயிர்ப் பாதுகாப்பு பற்றிய கேள்வியும் ஆகும். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகளின்படி, இந்தியாவில் ஆண்டுதோறும் பத்தாயிரத்திற்கும் மேற்பட்டோர் மின்சாரம் தாக்கி உயிரிழக்கின்றனர்.

சட்டப் பின்னணி

இந்திய மின்சாரச் சட்டம் 1910 இல் இயற்றப்பட்டது. 1956 ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளில் 45 ஆவது விதி, நுகர்வோரின் மின்னமைப்புப் பணிகளை உரிமம் பெற்ற ஒப்பந்ததாரரே செய்ய வேண்டும் என்றது. மின்சாரச் சட்டம், 2003 நடைமுறைக்கு வந்த பின்னர், மத்திய மின்சார ஆணையம் 2010 இல் வெளியிட்ட பாதுகாப்பு ஒழுங்குமுறைகளில் இதே கருத்து 29 ஆவது ஒழுங்குமுறையாக இடம்பெற்றது. அவற்றுக்கு மாற்றாக 2023 இல் புதிய ஒழுங்குமுறைகள் வெளியிடப்பட்டன.

இவ்விதியில் மூன்று நிலைகள் உள்ளன: பணியை ஏற்பவர் உரிமம் பெற்ற ஒப்பந்ததாரராக இருத்தல் வேண்டும்; பணி, தகுதிச் சான்று பெற்ற மேற்பார்வையாளரின் நேரடிக் கண்காணிப்பில் நடைபெற வேண்டும்; கையால் வேலை செய்பவர் அதற்கான அனுமதி பெற்றவராக இருத்தல் வேண்டும்.

விதிவிலக்கும் உண்டு. மின்விளக்கு, மின்விசிறி, உருகி, சுவிட்சு, 250 வோல்ட்டுக்கு மேற்படாத வீட்டுச் சாதனங்கள் முதலியவற்றை மாற்றுவதற்கு, அமைப்பின் கொள்ளளவும் தன்மையும் மாறாத வரையில், ஒப்பந்ததாரர் தேவையில்லை. பழுதான சுவிட்சை அதே வகைச் சுவிட்சால் மாற்றுவது இதில் அடங்கும். புதிதாகக் குளிரூட்டிக்கு இணைப்பு இழுப்பது அடங்காது.

மின்பணியாளர் வகைகள்

எல்லாரையும் எலக்ட்ரீசியன் என்ற ஒரே சொல்லால் குறிப்பிடுவது வழக்கம். எனினும் சட்டத்தின் பார்வையில் இவர்கள் வேறுவேறானவர்கள்.

மின்கம்பியாள் உதவியாளர்: மின்கம்பியமைப்புத் தொழிலில் குறைந்தது 5 ஆண்டுகள் செய்முறை அனுபவமும் 21 வயதும் நிரம்பியவர்கள் தகுதிகாண் தேர்வு எழுதி இச்சான்றிதழைப் பெறலாம். இத்தேர்வை வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை நடத்துகிறது. பள்ளிப் படிப்பைத் தொடர இயலாமல் தொழிலைக் கையால் கற்றுக்கொண்டவர்களுக்கு இது முக்கியமான வழியாகும்.

மின்கம்பியாள்: தொழிற்பயிற்சி நிலையத்தில் மின்பணியாளர் அல்லது மின்கம்பியாள் பிரிவில் பயின்று தேசியத் தொழிற்சான்றிதழ் பெற்றவர்கள் பெரும்பாலும் இவ்வகையினர். பயிற்சிக் காலம் 2 ஆண்டுகள்.

மேற்பார்வையாளர்: பெரும்பாலும் மின்னியலில் பட்டயம் அல்லது பட்டம் பெற்று, தகுதிச் சான்றிதழ் பெற்றவர்.

ஒப்பந்ததாரர்: பணியை ஏற்கவும் சோதனை அறிக்கையில் கையொப்பமிடவும் உரிமம் பெற்றவர் அல்லது நிறுவனம். கையாளக்கூடிய மின்னழுத்தத்தைப் பொறுத்து உரிமத்தில் தரங்கள் உள்ளன.

புதிய மின்னிணைப்பு பெறும்போது ஒப்பந்ததாரரின் சோதனை அறிக்கை முக்கியமான ஆவணமாகும். நடைமுறையில், வேலையை உரிமம் இல்லாத ஒருவர் முடித்துவிட்டு, அறிக்கையில் மட்டும் ஓர் ஒப்பந்ததாரரின் கையொப்பத்தைப் பெறுவதும் நிகழ்கிறது. இவ்வாறு பெறப்படும் அறிக்கையில் எச்சோதனையும் உண்மையில் நடந்திருக்காது. எனவே சோதனை தம் முன்னிலையில் நடக்க வேண்டும் என்று வீட்டு உரிமையாளர் தொடக்கத்திலேயே கேட்பது பயனுள்ளதாகும்.

சான்றிதழைச் சரிபார்க்கும்போது பெயர், ஒளிப்படம், எண், முத்திரை, செல்லுபடியாகும் கடைசி நாள் ஆகியவற்றைக் காண வேண்டும். உரிமங்கள் குறிப்பிட்ட கால இடைவெளியில் புதுப்பிக்கப்பட வேண்டியவை.

நல்ல மின்னமைப்பின் கூறுகள்

இந்தியத் தர நிறுவனத்தின் ஐஎஸ் 732 மின்கம்பியமைப்புக்கும், ஐஎஸ் 3043 நில இணைப்புக்கும், ஐஎஸ் 694 பிவிசி உறையிட்ட கம்பிகளுக்கும் உரிய தரங்கள் ஆகும். இவற்றின் அடிப்படையில் வீடுகளில் பின்பற்றப்படும் சில நடைமுறைகள்:

- விளக்கு, விசிறிக்கான ஒரு சுற்றில் 10 முனைகளுக்கு அல்லது 800 வாட்டுக்கு மேல் இருத்தல் கூடாது.
- அதிக மின்திறன் சாதனங்களுக்கான ஒரு சுற்றில் 2 முனைகளுக்கு மேல் இருத்தல் கூடாது.
- விளக்குச் சுற்றுகளுக்கு 1.5 சதுர மில்லிமீட்டர், 16 ஆம்பியர் முனைகளுக்கு 2.5 சதுர மில்லிமீட்டர், குளிரூட்டி, வெந்நீர்க் கருவி போன்றவற்றுக்கு 4 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பி பயன்படுத்துவது பரவலான வழக்கம்.
- நில இணைப்புக் கம்பி பச்சை நிறத்திலும், நியூட்ரல் கருப்பு நிறத்திலும், ஃபேஸ் சிவப்பு, மஞ்சள் அல்லது நீல நிறத்திலும் இருக்கும்.
- சுவிட்சு எப்போதும் ஃபேஸ் கம்பியிலேயே அமைய வேண்டும். நியூட்ரலில் அமைந்தால், சுவிட்சை அணைத்த பிறகும் விளக்குத் தாங்கியில் மின்னழுத்தம் இருக்கும்.

சாதனத்தின் வாட் அளவை 230 ஆல் வகுத்தால் ஏறத்தாழ மின்னோட்டம் கிடைக்கும். 2000 வாட் வெந்நீர்க் கருவி சுமார் 8.7 ஆம்பியர் எடுக்கும். இதனை 6 ஆம்பியர் முனையில் மாற்றுச் செருகி கொண்டு இணைத்தால் முனை சூடேறி உருகும்.

காப்புக் கருவிகளும் நில இணைப்பும்

குறுஞ்சுற்று முறிப்பான் எனத் தமிழில் கூறத்தக்க எம்சிபி, கம்பியை அதிகச் சுமையிலிருந்து காக்கும் கருவியாகும். அது மனிதரைக் காக்கும் கருவி அன்று. ஆர்சிசிபி எனப்படும் கசிவு மின்னோட்ட முறிப்பான், ஃபேஸில் செல்லும் மின்னோட்டமும் நியூட்ரலில் திரும்பும் மின்னோட்டமும் வேறுபடுவதை உணர்ந்து இணைப்பைத் துண்டிக்கிறது. வீடுகளுக்குரிய ஆர்சிசிபி 30 மில்லி ஆம்பியர் கசிவுக்குள் இயங்க வேண்டும். சிறிய 6 ஆம்பியர் எம்சிபியின் மதிப்புகூட இதைப்போல் 200 மடங்கு ஆகும்.

இதன் தேவையைப் பின்வரும் கணக்கு விளக்கும். ஒரு சலவை இயந்திரத்தின் உலோக உடலில் ஃபேஸ் கம்பி உரசுகிறது எனக் கொள்வோம். வீட்டின் நில இணைப்பின் மின்தடை 5 ஓம் எனில், 230 ஐ 5 ஆல் வகுக்க 46 ஆம்பியர் பாயும். 'சி' வகை 16 ஆம்பியர் எம்சிபி உடனடியாக இயங்க 80 முதல் 160 ஆம்பியர் வரை தேவை. எனவே நல்ல நில இணைப்பு இருந்தும் அது உடனே துண்டிக்காது. சூடேறிச் சற்றுத் தாமதமாகவே துண்டிக்கும். கோடையில் மண் காய்ந்து நில இணைப்பின் மின்தடை 50 ஓம் ஆகிவிட்டால் 4.6 ஆம்பியர் மட்டுமே பாயும். எம்சிபி ஒருபோதும் இயங்காது. இயந்திரத்தின் உடல் தொடுபவரைத் தாக்கும் நிலையிலேயே இருக்கும். ஆர்சிசிபி இருப்பின் இரு நிலைகளிலும் நொடியின் சிறு பகுதிக்குள் இணைப்பு துண்டிக்கப்படும்.

ஆர்சிசிபியில் சோதனைப் பொத்தான் உண்டு. அதனை அவ்வப்போது அழுத்தி, கருவி துண்டிக்கிறதா எனப் பார்த்தல் வேண்டும். ஒருவர் ஒரே நேரத்தில் ஃபேஸையும் நியூட்ரலையும் மட்டும் தொட்டால் ஆர்சிசிபி அவரைக் காக்காது என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும்.

பழைய வீடுகளில் ஆர்சிசிபி பொருத்தியவுடன் அடிக்கடி துண்டிப்பது பொதுவான முறையீடு. இரு சுற்றுகளின் நியூட்ரல் கம்பிகள் கலந்திருப்பது, இன்வெர்ட்டர் சுற்றின் நியூட்ரல் பிரிக்கப்படாதிருப்பது, ஈரம் புகுந்த முனை ஆகியன இதற்குக் காரணங்கள். காரணத்தைக் கண்டு சரிசெய்யாமல் கருவியைக் கழற்றிவிடுவது ஆபத்தானது.

நில இணைப்புக்கு, குறைந்தது 2.5 மீட்டர் நீளமுள்ள துத்தநாகம் பூசிய இரும்புக் குழாயைப் புதைத்து, அதைச் சுற்றிக் கரியும் உப்பும் இடுவது மரபான முறை. கோடையில் இக்குழிக்கு நீர் ஊற்ற வேண்டும்.

செலவு

மின்கம்பியமைப்புப் பணிக்கான கூலி தமிழ்நாட்டில் மூன்று முறைகளில் கணக்கிடப்படுகிறது.

பாயிண்ட் கணக்கு: ஒவ்வொரு விளக்கு, விசிறி, செருகி முனைக்கும் ஒரு தொகை. எடுத்துக்காட்டாக, முனைக்கு 350 ரூபாய் எனப் பேசி, வீட்டில் 60 முனைகள் இருப்பின் கூலி 21,000 ரூபாய் ஆகும். எது ஒரு முனை என்பதிலேயே பிணக்குகள் பெரும்பாலும் எழுகின்றன. மாடிப்படியின் இருவழிச் சுவிட்சு ஒன்றா இரண்டா, சுவிட்சுப் பலகையிலேயே உள்ள செருகி முனை தனிக் கணக்கா, மின்விநியோகப் பெட்டி பொருத்துதல் சேருமா என்பவற்றை முன்கூட்டியே எழுதிக்கொள்ள வேண்டும்.

சதுர அடிக் கணக்கு: கட்டடப் பரப்பின் அடிப்படையில் தொகை. கணக்கிட எளிது, ஆயினும் முனைகளின் எண்ணிக்கையைக் குறைக்கும் போக்கு இதில் உண்டு.

நாட்கூலி: பழுதுபார்ப்புக்கும் சிறு வேலைகளுக்கும் ஏற்றது. 2020களின் நடுப்பகுதியில் தேர்ந்த பணியாளருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 800 முதல் 1,200 ரூபாய் வரை வழங்கப்பட்டது. ஊரைப் பொறுத்து இது வேறுபடும்.

பொருள்களின் விலை பல வேளைகளில் கூலியை மிஞ்சுகிறது. கம்பி பெரும்பாலும் 90 மீட்டர் சுருளாக விற்கப்படுகிறது. செம்பின் உலகச் சந்தை விலையைப் பொறுத்து இதன் விலை அடிக்கடி மாறுவதால், மதிப்பீட்டுக்கும் கொள்முதலுக்கும் இடையில் பல மாதங்கள் கழிந்தால் மதிப்பீடு பொருந்தாது போகும். இரு முனை ஆர்சிசிபி ஒன்றின் விலை 2020களின் நடுப்பகுதியில் சில ஆயிரம் ரூபாய் ஆகும். முழு வீட்டின் மின்செலவோடு ஒப்பிட இது சிறு பங்கே. எனினும் செலவைக் குறைக்க முற்படும்போது முதலில் நீக்கப்படும் பொருளாகவும் இதுவே உள்ளது.

ஒப்பீட்டுக்கு, தமிழ்நாடு பொதுப்பணித் துறையின் விலைப்பட்டியலையும் மத்தியப் பொதுப்பணித் துறையின் விலைப்பட்டியலையும் பயன்படுத்தலாம். இவற்றில் ஒரு முனைக்கான பொருள், கூலி ஆகியன வரையறையுடன் தரப்பட்டுள்ளன.

பொருள்களை வீட்டு உரிமையாளரே வாங்கினால், ஐஎஸ்ஐ முத்திரையையும் அதனுடன் அச்சிடப்பட்ட சிஎம்/எல் உரிம எண்ணையும் காண வேண்டும். இவ்வெண்ணை இந்தியத் தர நிறுவனத்தின் பிஐஎஸ் கேர் செயலியில் சரிபார்க்கலாம். சில கடைகள் பணியாளருக்குத் தரகு வழங்குவதால், பட்டியலைப் பெற்று வேறு கடையிலும் விலை கேட்டல் நலம்.

ஒப்பந்தமும் பணி நிலைகளும்

எழுத்து வடிவிலான மதிப்பீட்டில் முனைகளின் எண்ணிக்கை, கம்பியின் அளவும் வணிகப் பெயரும், காப்புக் கருவிகளின் பட்டியல், நில இணைப்புகளின் எண்ணிக்கை, சுவரில் காடி வெட்டுவதும் பூசுவதும் யார் பொறுப்பு, வரி சேர்ந்ததா இல்லையா ஆகியன இடம்பெற வேண்டும்.

புதிய கட்டடத்தில் பணி நான்கு கட்டங்களாக நடைபெறுகிறது: தளம் போடுமுன் கூரையில் குழாய் பதித்தல், சுவரில் காடி வெட்டிக் குழாயும் பெட்டியும் பதித்தல், பூச்சுக்குப் பின் கம்பி இழுத்தல், வண்ணம் பூசியபின் சுவிட்சுகளும் விளக்குகளும் பொருத்துதல். பணத்தையும் இக்கட்டங்களுக்கு ஏற்பப் பிரித்துக் கொடுத்து, இறுதிப் பகுதியைச் சோதனைக்குப் பிறகு கொடுப்பது நல்லது. பூசுவதற்கு முன் எல்லாச் சுவர்களையும் ஒளிப்படம் எடுத்து வைத்தால், பிற்காலத்தில் ஆணி அடிக்கும்போது மறைந்துள்ள குழாயில் துளையிடுவதைத் தவிர்க்கலாம்.

இறுதிச் சோதனைகள்

- மின்காப்புத் தடை: கம்பிக்கும் நிலத்துக்கும் இடையே 500 வோல்ட் நேர்மின்னழுத்தம் ஒரு நிமிடம் செலுத்தி மெகர் கருவியால் அளக்கப்படும். குறைந்தது 1 மெகாஓம் இருத்தல் வேண்டும்.
- நில இணைப்பின் மின்தடை: தனிக் கருவியால் அளக்கப்படும்.
- நில இணைப்பின் தொடர்ச்சி: ஒவ்வொரு செருகி முனையின் மேல்துளையும் உண்மையில் நிலத்துடன் இணைந்துள்ளதா என்பது.
- முனைகளின் துருவம்: ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறாதிருத்தல்.
- ஆர்சிசிபி இயக்கம்.

அளவுகளைத் தாளில் எழுதி, சுற்றுகளின் வரைபடத்துடன் மின்விநியோகப் பெட்டியின் உட்புறம் ஒட்டி வைப்பது நல்ல வழக்கம்.

முறையீடு

பணியில் குறைபாடு இருந்து ஒப்பந்ததாரர் சரிசெய்ய மறுத்தால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 இன்கீழ் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். செலுத்திய தொகை 5 இலட்சம் ரூபாய்க்கு மேற்படாத வழக்குகளுக்குக் கட்டணம் இல்லை. எழுத்து மதிப்பீடும் பணம் செலுத்திய சான்றும் இங்கு அடிப்படை ஆவணங்கள் ஆகும். மின்னளவி, வெளிக்கம்பி தொடர்பான முறையீடுகளைப் பகிர்மான நிறுவனத்தின் மின்னகம் சேவை மையத்தில் தெரிவிக்கலாம். இம்மையம் 2021 இல் தொடங்கப்பட்டது. மின்னளவியின் முத்திரையை நிறுவன ஊழியர் தவிர வேறு எவரும் உடைத்தல் கூடாது.

இவற்றையும் பார்க்க

- மின்னதிர்ச்சி
- நில இணைப்பு
- மின்சாரச் சட்டம், 2003
- தமிழ்நாடு மின்சார வாரியம்