துளை போட்ட டிரம்மும் மண் பூசிய குழியும்

மாமா வீட்டுக் கொல்லையில், முருங்கை மரத்துக்கு அந்தப் பக்கம், ஒரு எருக்குழி இருக்கிறது. எங்கள் வீட்டு மாடிப்படிக்கு அடியில் நீல டிரம் ஒன்று நிற்கிறது. கீரைத்தண்டு, வாழைப்பழத்தோல், வேப்பஞ்சருகு என்று இரண்டுக்கும் போடும் தீனி ஏறக்குறைய ஒன்றுதான். கடைசியில் கிடைப்பதும் கறுத்து மட்கிய எருதான். ஆனால் டிரம்மில் காற்றை உள்ளே விடுகிறோம், குழியில் அடைக்கிறோம். மற்ற வேறுபாடுகள் எல்லாம் இதிலிருந்தே கிளைக்கின்றன.

இதே வேறுபாடு இந்திய வேளாண் ஆய்விலும் இரண்டு முறைகளாகப் பிரிந்து நின்றது. ஆல்பர்ட் ஹோவர்ட் இந்தூரில் பணியாற்றியபோது, உழவர்களின் வழக்கத்தைப் பார்த்துக் கற்று வகுத்தது இந்தூர் முறை. யஷ்வந்த் வாட் என்பவரோடு சேர்ந்து 1931-இல் அதை நூலாகவும் எழுதினார். கழிவையும் சாணத்தையும் அடுக்கி, மூன்று முறை கிளறிப் புரட்டினால் சுமார் மூன்று மாதத்தில் எரு தயார். 1930களின் இறுதியில் சி.என். ஆச்சார்யா உருவாக்கியது பெங்களூர் முறை. இதில் அடுக்கி முடித்ததும் மேலே மண்ணைப் பூசி மூடிவிடுவார்கள். கிளறல் கிடையாது, ஆறு முதல் எட்டு மாதம் காத்திருக்க வேண்டும். எங்கள் டிரம் இந்தூர் வழி, மாமாவின் குழி பெங்களூர் வழி.

டிரம் செய்வது அரைநாள் வேலை. 200 லிட்டர் பிளாஸ்டிக் டிரம்மில், ஒரு சாண் இடைவெளியில், சுற்றிலும் 10 மி.மீ. துளைகள் போட வேண்டும். அடியிலும் ஏழெட்டுத் துளைகள் வேண்டும். ரசாயனம் வந்த டிரம் வேண்டாம். உணவுப்பொருள் வந்ததா என்று கேட்டு வாங்குவது நல்லது. நான்கு செங்கல்மேல் தூக்கி வைத்து, உள்ளே முதல் அடுக்காகத் தேங்காய் மட்டையைப் பரப்பினால் நீர் தேங்காது.

முதல் டிரம்மில் நான் சமையலறைக் கழிவை மட்டுமே போட்டுக்கொண்டு வந்தேன். ஒரு மாதத்தில் அழுகிய முட்டை நாற்றம் தெருவரை வந்தது. அடித்துளைகளில் கறுப்பாக நீர் சொட்டியது. எட்டிப் பார்த்த அம்மா, “இதுல சருகே இல்லையே” என்றார். காய்கறித் தோலில் தழைச்சத்து அதிகம், சருகில் கரி அதிகம். நுண்ணுயிர்களுக்கு ஒரு பங்கு தழைச்சத்துக்கு 25 முதல் 30 பங்கு கரி இருந்தால்தான் வேலை ஓடும். ஒரு வாளிக் கழிவுக்கு இரண்டு வாளிச் சருகு என்று போட்டுக் கம்பியால் கிளறியபின் இரண்டே நாளில் நாற்றம் அடங்கியது. துளைகள் போட்டிருந்தும், ஈரக்கழிவு ஒட்டிப் படிந்து கிடந்ததால் காற்று உள்ளே போகவில்லை. சருகுதான் இடைவெளி உண்டாக்கிக் காற்றுக்கு வழிவிடுகிறது. இப்போது வாரம் ஒருமுறை ஒரு கைப்பிடி எடுத்துப் பிழிந்து பார்க்கிறேன். விரலிடுக்கில் ஓரிரு சொட்டு கசிந்தால் ஈரம் சரி. ஒழுகினால் சருகு போடுவேன், உதிர்ந்தால் தண்ணீர் தெளிப்பேன்.

டிரம்மிலும் ஒரு குறை உண்டு. குவியல் நன்றாகச் சூடேறி 55 பாகை செல்சியசைத் தாண்டினால்தான் களை விதைகளும் நோய்க்கிருமிகளும் சாகும். அந்தச் சூட்டைப் பிடித்து வைக்க ஏறக்குறைய ஒரு கன மீட்டர் அளவாவது வேண்டும். டிரம் அதில் ஐந்தில் ஒரு பங்குதான். அதனால்தான் எங்கள் ரோஜாத் தொட்டியில் தக்காளி நாற்று தானாக முளைத்து வந்தது. கோரைக்கிழங்கையும் நோய் வந்த செடியையும் நான் டிரம்மில் போடுவதே இல்லை.

மாமாவின் குழி நான்கடி நீளம், மூன்றடி அகலம், மூன்றடி ஆழம். அதாவது ஏறக்குறைய ஒரு கன மீட்டர். மாசியில் வேம்பு இலை உதிர்க்கும் நாட்களில் ஒரே வாரத்தில் அதை நிரப்பிவிடுவார். அரையடிச் சருகு, அதன்மேல் சாணிக் கரைசல், மறுபடி சருகு. கடைசியில் மண்ணும் சாணமும் குழைத்துத் திண்ணை மெழுகுவதுபோல் மெழுகிவிடுவார். உள்ளே இருக்கும் காற்று தீரும்வரை முதல் வாரம் பத்துநாள் சூடு இருக்கும். அதன்பின் காற்றில்லாத மட்கல் மெதுவாக நடக்கும். கிளறாததால் தழைச்சத்து அமோனியாவாகப் பறந்துபோவது குறைவு. சித்திரை வெயிலில் டிரம்முக்கு அடிக்கடி தண்ணீர் தெளிக்க வேண்டியிருக்கும். குழியின் ஈரம் உள்ளேயே இருக்கும். ஆனால் காற்றில்லாமல் மட்கும்போது மீத்தேன் வாயு உண்டாகும், அதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

குழிக்கு எதிரி மழை. ஆவணியில் திறக்க வேண்டியதை ஒருமுறை ஐப்பசி வரை விட்டதில், நீர் புகுந்து எரு சேறாகி, சத்தெல்லாம் கரைந்து போயிற்று. டிரம்முக்கு இந்தப் பயமில்லை, மூடி இருக்கிறது.

நாளுக்கு ஒரு கிலோ கழிவு வரும் வீட்டுக்குக் குழி ஒத்துவராது என்பது என் முடிவு. அந்த அளவில் போட்டால் அது நிரம்பவே மாதக்கணக்கில் ஆகும். அதுவரை திறந்து கிடந்து ஈ மொய்க்கும். அப்படிப்பட்ட வீட்டுக்கு இரண்டு டிரம் வேண்டும், ஒன்று நிரம்பும்போது மற்றது மட்க. ஆனால் மரமும் மாடும் உள்ள வீட்டில், ஒரே சமயத்தில் சேரும் அத்தனை சருகை டிரம்மில் திணிக்கப் பார்ப்பது வீண் உழைப்பு.

இந்த மாசியில் மாமா வீட்டிலிருந்து நான்கு சாக்குச் சருகு எங்கள் டிரம்முக்கு வந்தது. திரும்பிப்போன சாக்கு ஒன்றில் பாதி மட்கிய எரு இருந்தது. குழியின் அடுக்குகளுக்கிடையே தூவுவதற்கு மாமா கேட்டிருந்தார்.