பந்தி

ரமணாசிரமத்து உணவுக்கூடத்தில், தையல் இலையில் நீர் தெளித்துத் துடைத்துவிட்டு, வாளியும் கரண்டியுமாக வருவோரை எதிர்பார்த்துத் தரையில் அமர்ந்திருந்த ஒரு நண்பகலில்தான் ‘பந்தி’ என்னும் சொல் என் சிந்தனையைப் பற்றிக்கொண்டது. ஐந்து என்னும் எண்ணின் அடியாகப் பிறந்து, ஐந்தடி கொண்ட வேதச் சந்தம் ஒன்றுக்குப் பெயராகி, பிறகு வரிசை என்ற பொதுப்பொருளை எய்திய வடமொழிப் ‘பங்க்தி’, தமிழுக்கு வந்ததும் இலை போட்டு உட்கார்ந்துவிட்டது.

அச்சொல் கிறிஸ்தவர்களிடமும் சென்று சேர்ந்தது. அவர்களின் திருவிருந்துக்குக் கத்தோலிக்கர் வழங்கும் பெயர் ‘நற்கருணை’. சீர்திருத்தச் சபையாருக்கு அது ‘இராப்போஜனம்’. ஞாயிறு காலையில் இராப்போஜனம் உட்கொள்வது அவர்களுக்கு ஒருநாளும் விந்தையாகப் பட்டதில்லை! ஆயினும் தமிழ் வேதாகமத்தில் இயேசுநாதர் சீஷர்களோடு ‘பந்தியிருந்தார்’ என்றே வருகிறது. பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தில் ‘போஜனபந்தி’ என்ற தொடரே காணப்படுகிறது. அந்நிருபத்தின் பதினோராம் அதிகாரத்தில், கைப்பொருள் உள்ளவர்கள் முந்திக்கொண்டு தத்தம் உணவை உண்டு வெறித்திருக்க, இல்லாதவர்கள் பசியோடு நிற்பதைக் கண்டு அவர் சினக்கிறார். பந்திக்கு முந்து என்று நம்மவர் பழமொழியாகச் சொல்வதை அந்தச் சீமான்கள் வேதவாக்காகவே கொண்டிருந்தார்கள் போலும்.

கொரிந்துவில் பணம் பிரித்ததை இங்கே பிறப்புப் பிரித்தது. பெரும்பாலும் இரண்டும் ஒரே கட்சியில் இருந்தன. பந்தி என்றால் யாரோடு யார் உண்ணலாம் என்னும் விதியும் உடன்வரும் நாட்டில், திருப்பந்தி மட்டும் தப்புமா? தமிழகத்துக் கிறிஸ்தவ ஆலயங்கள் சிலவற்றில் சாதிவாரியாகத் தனித்தனியே அமர்ந்து, ஒரு சாரார் பருகிய பின்னரே மறு சாரார் பாத்திரத்தை அணுகும் வழக்கம் நிலவிற்று. இவ்வேற்றுமையை அறவே ஒழிக்க வேண்டுமென்று கல்கத்தாப் பேராயர் டானியல் வில்சன் 1833இல் சுற்றறிக்கை விடுத்தபோது, தஞ்சையிலும் வேப்பேரியிலும் பலர் சபையை விட்டே விலகினர். ஒரே கிண்ணம் அவ்வளவு கனத்தது.

நான் அமர்ந்திருந்த ஆசிரமத்துக்கும் இதில் பங்கு உண்டு. ரமண மகரிஷியின் காலத்தில் பிராமணருக்கும் ஏனையோருக்கும் இடையே ஒரு தட்டி நின்றது. தமக்கென்று தனிப் பண்டம் எதையும் ஏற்காத அவர், இருசாராரும் காணுமாறு அமர்ந்து உண்டார்.

பவுல் கண்டித்ததோடு நிற்கவில்லை. உண்ணக் கூடும்போது ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள் என்று ஒரு பரிகாரமும் சொன்னார். கடைசி இலையில் சோறு விழும்வரை முதல் இலைக்காரர் கைவைக்கலாகாது என்பது நம் வீட்டுப் பெரியவர்களும் விதித்த முறைதான். அன்று என் எதிர்வரிசையின் கோடியில், தாமதமாக வந்த சாது ஒருவர் மேல்துண்டால் முகம் துடைத்துக்கொண்டு அமர்ந்தார். வாளி அவரிடம் போய்ச் சேரும்வரை, ஆவி பறக்கும் சோற்றைப் பார்த்தபடி நான் கையை மடியில் வைத்திருந்தேன்.