கற்சுவர்ச் சிதைவு (ஜவ்வாது மலைப் பகுதி)

பழைய கற்கட்டுமானங்களில் கல் கெடுவதற்கு முன் கட்டு கெடுகிறது. திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களில் பரந்திருக்கும் ஜவ்வாது மலையிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் இதைக் காணலாம்.

ஜமுனாமரத்தூர் வட்டாரத்திலுள்ள கீழ்செப்பிலியில் பெருங்கற்காலக் கல்திட்டைகள் உள்ளன. பலகைக் கற்களை நட்டு, மேலே மூடுகல் ஏற்றிய அமைப்பு இது. சாந்து கிடையாது; எடையும் மண்ணுக்குள் இறங்கிய ஆழமும்தான் பிணைப்பு. ஆகவே ஒரு பக்கக் கல் நகர்ந்தாலும் மூடுகல் சரியும். சரிவு நிலத்து மழை அடிமண்ணை அரிப்பது மெதுவான சேதம். புதையல் தேடித் தோண்டுவதும், வீட்டுக்கும் வேலிக்கும் பலகைக் கல்லைப் பெயர்ப்பதும் ஒரே நாளில் முடியும் சேதம். கல்திட்டைகளின் பெரும்பகை மழையன்று, மனிதக் கைதான்.

சாந்திட்டுக் கட்டிய மதிலின் கதை வேறு. அடிவாரத்தில் சம்புவராயர் தலைநகரான படைவீட்டில் பழைய கோயில்கள் பல உள்ளன. வடக்கே 16ஆம் நூற்றாண்டு வேலூர்க் கோட்டை நிற்கிறது. தடித்த மதில்களைப் பெரும்பாலும் உள்ளும் புறமும் முகக்கல் வைத்து, நடுவில் சல்லியும் மண்ணும் சுண்ணாம்பும் நிரப்பிக் கட்டுவார்கள். மதிலின் உச்சித் தலைப்பு விரிசல்விட்டால் மழைநீர் உள்ளே இறங்கும். நிரப்பு ஊறிக் கனத்து, கரைந்து, கீழே படியும். முகக்கற்கள் வெளியே பிதுங்கும். கருங்கல்லும் முற்றிலும் தப்புவதில்லை: அதிலுள்ள ஃபெல்ஸ்பார் நாளடைவில் களிமண்ணாகிறது, உப்புநீர் உலரும்போது மேற்பரப்பு செதில் செதிலாக உதிர்கிறது. ஆனால் இதற்குப் பல தலைமுறைக் காலம் வேண்டும்.

பறவை எச்சத்தில் வரும் அரசு, ஆல விதைகளுக்கு அவ்வளவு காலம் தேவையில்லை. இணைப்பில் முளைத்த வேர் பருக்கப் பருக்கக் கற்களை விலக்கும். மேலே வெட்டினால் மீண்டும் துளிர்க்கும்; பருத்த வேரைப் பிடுங்கினால் சுவரும் உடன் வரும்; செத்த வேர் மட்கினால் பொந்து விழும். எனவே கன்றாக இருக்கும்போதே களைவதுதான் மலிவான வைத்தியம். வேலூர்க் கோட்டையில் இப்பணி இந்தியத் தொல்லியல் துறையின் பொறுப்பு.

பழுதுபார்ப்பே பழுதாவதும் உண்டு. சுண்ணாம்புச் சாந்து ஈரத்தை வெளியே விடும். சிமென்ட் பூச்சு உள்ளேயே அடைத்துவிடும். திருப்பணி என்ற பெயரில் மணல் பீய்ச்சிக் கழுவும்போது கல்வெட்டெழுத்தும் உளிநயமும் தேய்கின்றன. பிதுங்கிய மதிலில் முதல் வேலை முகக்கல்லை மாற்றுவதன்று. தலைப்பைச் சுண்ணாம்பால் மூடி, மழைநீருக்கு வடிகால் அமைப்பது.